சேலைன் கொக்கியில் தொங்கிய பால் போத்தல்

போன மாதம் கல்முனைக் கடைத்தெருவில் பேரப்பிள்ளைக்குச் சட்டை வாங்கப் போன இடத்தில் என்னுடைய கண்டுபிடிப்பை நான் நேருக்கு நேர் கண்டேன். பஞ்சு அடைத்த சின்னத் தலையணை. நடுவில் போத்தல் செருக ஒரு பட்டி. பிள்ளையைப் படுக்க வைத்து, இதை நெஞ்சோடு சாய்த்துப் பால் போத்தலைச் செருகிவிட்டால், தாய் தன் பாட்டில் வேறு வேலை பார்க்கலாமாம். புதுச் சாமான், இப்போதுதான் வந்திருக்கிறது என்றார் கடைக்காரர். இது புதிதல்ல, நாற்பது வருடத்துக்கு முன்பு நானே கண்டுபிடித்து நானே ஒழித்துக் கட்டியது என்றேன். அவர் என் மகளைப் பார்த்தார். வாப்பாவுக்கு வயது போய்விட்டது என்று அவள் கண்ணாலேயே பதில் சொன்னாள்.

இந்தக் கதையை ஆசுபத்திரியில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகளிடம் சொல்லப்போக, எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். நான் இளைப்பாறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் கல்முனையிலும் மருதமுனையிலும் இன்றைக்கும் நான் 'காதுக் காக்கா'தான்; எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். ஊரில் பாதிப் பேருடைய காதுக்குள் நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். மீதிப் பேர் நான் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்கள்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. எழுபதுகளின் கடைசியில் டிஸ்பென்சராகச் சேர்ந்தேன். முதல் வருடம் இருமல் மருந்து கலக்கப் பழகினேன். இரண்டாம் வருடம் அதைச் சிந்தாமல் கலக்கப் பழகினேன். பிறகு காது துடைக்க ஓர் ஆள் தேவை என்று வந்தபோது, என் மெல்லிய விரல்களைப் பார்த்துத்தான் என்னைத் தெரிவு செய்தார்கள் என்று பெண் கேட்டுப் போன வீட்டில்கூடச் சொல்லி வைத்தேன். உண்மை என்னவென்றால், மருந்து அறையில் என்னை வைத்திருக்க அங்கே இருந்தவர்கள் விரும்பவில்லை.

காது அறை என்பது வெளிநோயாளர் பிரிவின் ஆகக் கடைசியில் இருந்த ஒரு மேசை, ஒரு கட்டில், வந்தவர்கள் இருக்க இரண்டு வாங்கு. சீழ் வடிகிற காதை ஈரம் இல்லாமல் துடைத்துக் காய வைப்பதுதான் வேலை. லேசு என்று நினைக்காதீர்கள். பஞ்சைப் பிய்த்து மெல்லிய குச்சியின் நுனியில் சுற்ற வேண்டும். குச்சியின் முனையைத் தாண்டிப் பஞ்சு கொஞ்சம் பூப்போல நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். குச்சி காதைத் தொடவே கூடாது. பெரிய ஆள் என்றால் காது மடலை மேலே இழுத்துப் பின்னே சரிக்க வேண்டும். கைக்குழந்தை என்றால் கீழே இழுத்துப் பின்னே. ஒரு சுற்று சுற்றி எடுத்து, அந்தப் பஞ்சை எறிந்துவிட்டு அடுத்தது. பஞ்சு உள்ளே போன மாதிரியே உலர்ந்து வெளியே வரும்வரை இதே வேலை. பிள்ளை இதற்கெல்லாம் சம்மதம் தராது. தாய் அதை மடியில் பக்கவாட்டில் இருத்தி, ஒரு கையால் தலையை நெஞ்சோடு அணைத்து, மறு கையால் அதன் இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள வேண்டும். கால்களைப் பிடிக்க ஆள் கிடையாது. அந்த வருடங்களில் என் வயிற்றில் உதைக்காத பிள்ளை இந்தக் கரையோரத்திலேயே இல்லை.

இனி என் கண்டுபிடிப்பு. என் மூத்த மகள் பிறந்து சில மாதம். தாய்ப்பாலோடு போத்தல் பாலும் கொடுத்து வந்தோம். ஒரு நாள் வார்டைக் கடந்து போகிறேன். ஒரு மனிதர் மல்லாந்து கிடக்கிறார். மேலே கொக்கியில் சேலைன் போத்தல் தலைகீழாகத் தொங்குகிறது. அவரும் கை அசைக்கவில்லை, தாதியும் பக்கத்தில் இல்லை. எல்லோருக்கும் நிம்மதி. அந்த இடத்திலேயே எனக்கு ஞானம் பிறந்தது. சேலைன் தொங்கலாம் என்றால் பால் ஏன் தொங்கக் கூடாது?

பழைய சைக்கிள் சில்லுக் கம்பி இரண்டு எடுத்தேன். போத்தலைப் பிடிக்க ஒரு வளையம், மேலே மாட்ட ஒரு கொக்கி, உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு முடிச்சு. எங்கள் வீடுகளில் பிள்ளையைச் சீலையால் கட்டிய ஏணையில்தான் போடுவார்கள். அந்த ஏணைக் கயிற்றில் இதை மாட்டினால், கிடக்கிற பிள்ளையின் வாய்க்கு நேரே போத்தலின் சூப்பி வந்து நிற்கும். மாட்டிவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"புள்ளைக்கு என்ன வருத்தம் எண்டு சேலைன் ஏத்துறீங்க?" என்றாள்.

மேதைகளை வீட்டில் மதிக்க மாட்டார்கள். ஊரில் மதித்தார்கள். மருதமுனையில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு கைத்தறி. தறியில் இருக்கிறவருக்கு ஒரு கை நாடாவை ஓட்டும், மறு கை பலகையை அடிக்கும், இரண்டு காலும் மிதியில் இருக்கும். பிள்ளைக்குப் போத்தலைப் பிடி என்றால் எதால் பிடிப்பது? ஒரு வீட்டில் பார்த்து அடுத்த வீட்டில் கேட்டார்கள். ஒன்பது கொக்கி செய்து கொடுத்தேன். 'காக்காட கொக்கி' என்றே அதற்குப் பெயர் வந்தது. சைக்கிளில் தெருவால் போகும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவேன். அதே நாட்களில் என் காது அறைக்கு வருகிற கைக்குழந்தைகளின் தொகையும் கூடியது. என் கைராசி பரவுகிறது என்று அதற்கும் நெஞ்சை நிமிர்த்தினேன்.

எண்பதுகள் தொடங்கியபோது யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெண் டொக்டர் மாற்றலாகி வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காதுக்குள் பார்க்கிற கருவியின் முனையைத் தன் உள்ளங்கையில் பொத்திப் பிடித்துச் சூடாக்கிவிட்டுத்தான் பிள்ளையின் காதில் வைப்பார். வைப்பதற்கு முன் பிள்ளையிடம் "மன்னிக்கோணும்" என்பார். எங்களிடம் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. அவரிடம் இன்னொரு பழக்கம்: காதைப் பார்ப்பதற்கு முன்னால், பிள்ளைக்குப் பசி என்றால் இங்கேயே பால் கொடுங்கள் என்று தாயிடம் சொல்லிவிட்டு, பேனையை மூடி வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். போத்தலைவிடக் கோப்பையும் கரண்டியும் நல்லது என்பது அவர் கட்சி. ஆனாலும் போத்தல் கொண்டுவந்த தாயை அவர் ஏசியதில்லை.

வந்த முதல் கிழமையிலேயே என் பதிவுப் புத்தகத்தை வாங்கி, வலது காது இடது காது என்று இருந்த கோடுகளுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தார். மேலே தன் கையாலேயே 'எப்படிக் குடிக்கிறது' என்று எழுதித் தந்தார். நான் ஒழுங்கான உத்தியோகத்தன். இரண்டு கிழமை ஒரு பிள்ளையையும் விடாமல் அதை நிரப்பினேன். பிறகு அவர் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். எல்லாப் பிள்ளைக்கும் நேரே நான் எழுதியிருந்தது ஒரே சொல்: வாயால்.

"எல்லாரும் வாயாலதான் குடிக்கினம்," என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "சந்தோசம். இனி, கிடந்து குடிக்கினமோ, இருந்து குடிக்கினமோ எண்டும் கேளுங்கோ."

கேட்கத் தொடங்கினேன். கேட்கக் கேட்க என் நாக்கு உலர்ந்தது. ஏணையில் கிடந்து. ஏணையில் கிடந்து. பாயில், தலையணையில் போத்தலைச் சாய்த்து. ஏணையில். இதை நான் டொக்டரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்த நாளில், அவர் பக்கத்தில் நிற்கும்போதே மருதமுனைத் தாய் ஒருத்தி பெருமையாகச் சொல்லிவிட்டாள்: "எங்களுக்குப் போத்தல் புடிக்கிற கரைச்சலே இல்ல மிஸ்ஸி. காக்காட கொக்கி இரிக்கி."

எந்தக் காக்கா என்று டொக்டர் கேட்கவில்லை. நான் மேசைக்குக் கீழே விழாத பஞ்சைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் கொக்கியைக் கொண்டுவரச் சொன்னார். அந்தத் தாயின் வீட்டிலிருந்தே வாங்கிக்கொண்டு போனேன். டொக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடிச்சை ஏற்றி இறக்கிப் பார்த்தார். வேலைப்பாடு நன்றாக இருக்கிறது என்றார். அவர் என்னைப் பாராட்டிய முதலாவது தடவை. மகிழ்ச்சியில் பக்கத்தில் இருந்ததைக் கவனிக்கவில்லை. ஆறிய வெறுந்தேயிலைத் தண்ணி நிரப்பிய ஒரு பால் போத்தலும் மேசையில் இருந்தது.

"கட்டில்ல ஏறிப் படுங்கோ," என்றார்.

தலையணை இல்லையா என்று கேட்டேன்.

"பிள்ளைக்கு வைச்சனீங்களோ?"

படுத்தேன். சேலைன் கம்பத்தில் என் கொக்கியை மாட்டி, போத்தலைச் செருகி, சூப்பி என் வாய்க்கு வரும்படி முடிச்சை இறக்கினார். கை இரண்டும் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், போத்தலைத் தொடக் கூடாது, தலையைத் திருப்பக் கூடாது. வாங்கில் நாலு தாய்மார் காத்திருந்தார்கள். அவர்களும் எழும்பி வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். உறிஞ்சினேன். முதல் வாய் சுகமாக இறங்கியது. இரண்டாவது கொஞ்சம் அவசரப்பட்டது. மூன்றாவது, இரண்டாவது போய்ச் சேருமுன்னே வந்தது. நாலாவது மூக்கால் வந்தது. காதுக்குள் எதுவோ டப்பென்று அடைத்தது. நான் இருமிக்கொண்டு எழும்பினேன். வெள்ளைச் சட்டை முழுவதும் தேயிலை. தாய்மார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்கள் எழும்பிட்டியள்," என்றார். "பிள்ளையால எழும்பேலாது."

எத்தனையோ டொக்டர்மாரிடம் எத்தனையோ ஏச்சு வாங்கியிருக்கிறேன். ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. இது நினைவிருக்கிறது.

பிறகு ஒரு துண்டில் படம் கீறிக் காட்டினார். தொண்டையிலிருந்து காதுக்கு உள்ளால் ஒரு சின்னக் குழாய் போகிறது. வளர்ந்தவர்களுக்கு அது நீளம், சரிவு. கைக்குழந்தைக்குக் கட்டை, மட்டம். மல்லாந்து கிடந்து குடித்தால் பால் பின்னுக்குத் தேங்கி அந்த வழியால் காதுப் பக்கம் போகப் பார்க்கும். வயல் செய்கிற நம்முடைய வட்டைக்காரர்களுக்கு நான் பிறகு இதை ஒரே வசனத்தில் சொல்வேன்: வாய்க்கால் மட்டமாகக் கிடந்தால் தண்ணீர் வேண்டாத வயலுக்கும் போகும். எல்லாக் காதும் போத்தலால் கெடுவதில்லை, மூக்கு ஒழுகுகிற தடிமனாலும் வரும் என்றும் டொக்டர் சொன்னார். ஆனால் தடிமனை அவரால் நிறுத்த முடியாது, கொக்கியை நிறுத்த முடியும்.

சுற்றி நின்ற தாய்மாரில் ஒருத்தியின் பிள்ளையை வாங்கி எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். தலை முழங்கை மடிப்பில். தலை வயிற்றைவிட உயரத்தில், பாதி இருக்கிற மாதிரி. சூப்பி முழுவதும் பால் நிற்கும்படி போத்தலைச் சரித்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை காற்றைக் குடிக்கும். நடுவில் நிறுத்தித் தோளில் போட்டு ஏவறை எடுக்க வேண்டும். கண் சொருகினால் வாயிலிருந்து போத்தலை எடுத்துவிட வேண்டும். அடுத்த முறை மற்றக் கை. கடைசியாக எனக்கு வேறாக ஒரு கட்டளை: கொடுத்த கையாலேயே ஒன்பதையும் திருப்பி வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

முதலில் என் வீட்டிலிருந்து தொடங்குவது நியாயம் என்று நினைத்து மனைவியிடம் எங்கள் கொக்கியைக் கேட்டேன். ஒன்பதில் சேராத, முதல் முதல் செய்த கொக்கி. குசினிக்குள் கையைக் காட்டினாள். கருவாடு தொங்கியது. "நீங்க மாட்டின அண்டைக்கே கழட்டிட்டன். இதுல போட்டா பூனைக்கு எட்டாது," என்றாள். மகளின் காது சுகமாக இருந்ததன் இரகசியம் எனக்கு அன்றுதான் விளங்கியது.

மருதமுனைத் தெருக்களில் நான் சைக்கிளில் போன மூன்று நாளும் ஊருக்குத் திருவிழாதான். கொடுக்கும்போது தேத்தண்ணி தந்த வீடுகள், வாங்கும்போது வாயால் ஏச்சுத் தந்தன. ஒரு வீட்டில் அதில் அரிக்கன் லாம்பு தொங்கியது; லாம்புக்குக் காது இல்லைதானே, இருக்கட்டும் என்றார்கள். இன்னொரு வீட்டில் ஒரு பெண் கேட்டாள்: "அப்ப நீங்க எங்கட புள்ளையளட காத வெச்சித்தானா படிச்சீங்க?" ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையை மடியில் வாங்கிப் பிடித்துக் காட்டினேன். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளை என் சட்டையில் கக்கியது.

எட்டு வந்துவிட்டது. ஒன்பதாவது ஆதம்பாவாவின் வீட்டில்.

ஆதம்பாவா நல்ல நெசவாளி. அவர் நெய்த சாரத்தை இடுப்பில் திருப்பி உடுத்தாலும் எது உள்பக்கம் என்று தெரியாது. மனைவி றஹீமா வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போயிருந்தாள். பெண்கள் அப்படிப் போகத் தொடங்கிய வருடங்கள் அவை. போகும்போது மகன் அன்ஸாருக்கு ஐந்து மாதம். இப்போது ஒரு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வேலி ஓரத்து வீட்டில் சுபைதா என்று ஒருத்தி, தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றிக் கொடுப்பவள், பிள்ளையைக் குளிப்பாட்டி உடுப்பாட்டி விடுவாள். மற்ற நேரம் முழுக்க அன்ஸாருக்கு உம்மாவும் வாப்பாவும் ஆதம்பாவாதான்.

நான் போகும்போது அவர் குழித்தறியில், இடுப்புவரை பள்ளத்துக்குள் இருந்து நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஏணை. ஏணைக்குள் அன்ஸார் நித்திரை. வாய்க்கு மேலே என் கொக்கி. இரண்டு காதோரமும் சீழ் காய்ந்து பொருக்காகியிருந்தது.

விசயத்தைச் சொன்னேன். அவர் கொக்கியைத் தர மாட்டேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பள்ளத்துக்குள் இருந்து ஒவ்வொரு முறையும் ஏறி இறங்கினால் தறி எப்போது ஓடும் என்று கேட்டார். சீழைப் பற்றிக் கேட்டால், பிள்ளைகளுக்கு வருவதுதானே, துடைத்து விடுகிறேன் என்றார். பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதற்காக மகனைப் புகழத் தொடங்கினார்.

"தங்கமான புள்ள காக்கா. தறி இந்த அடி அடிக்கி, ஒரு நாளும் முழிச்சதில்ல."

மூலையில் கிடந்த பால்மாத் தகரப் பேணியையும் மூடியையும் எடுத்து, ஏணைக்குப் பின்னால் போய் நின்று, ஒன்றோடு ஒன்று அடித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் சுபைதா என்ன என்று எட்டிப் பார்த்தாள். அன்ஸாரின் கண்ணிமைகூட அசையவில்லை. திரும்பவும் அடித்தேன். ஆதம்பாவாவின் கை நாடாவோடு அப்படியே நின்றது.

நித்திரை பலமாக இருக்கும் என்றார். அவர் பள்ளத்தைவிட்டு ஏறி வந்து, என்னிடமிருந்து பேணியை வாங்கித் தானும் ஒரு முறை அடித்துப் பார்த்தார். பிறகு எட்டிக் கொக்கியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"றஹீமா வந்து இவனக் கூப்பிடக்குள்ள இவன் திரும்பிப் பாக்கணும் காக்கா," என்றார். "எனக்கு வேற ஒண்டும் வேணா."

அடுத்த நாள் காலை முதல் ஆளாக வாங்கில் இருந்தார். டொக்டர் கருவியின் முனையைச் சூடாக்கி, மன்னிப்புக் கேட்டு, இரண்டு காதையும் நீண்ட நேரம் பார்த்தார். இரண்டு சவ்விலும் சின்ன ஓட்டை. காய்ந்தால் மூடக்கூடும், மூடினால் கேட்கும் என்று நம்புவதாகச் சொன்னார், சத்தியம் செய்ய மாட்டேன் என்றும் சொன்னார். மருந்து எழுதினார். காதுக்குள் எண்ணெய், பால், தண்ணீர் எதுவும் போகக் கூடாது. நாளுக்கு இரண்டு தடவை துடைக்க வேண்டும். காலையில் ஆசுபத்திரியில், பின்னேரம் நான் வீட்டுக்குப் போய்.

பள்ளத்துப் பிரச்சினையையும் அவரே தீர்த்தார். தறியைவிட்டு எழும்ப வேண்டாம், தறியை நிறுத்தினால் போதும் என்றார். அதன்படி, பால் நேரம் வந்ததும் ஆதம்பாவா தறியை நிறுத்துவார். நிறுத்தின சத்தத்துக்குச் சுபைதா போத்தலோடு வந்து பிள்ளையை எடுத்து, பள்ளத்தில் இருக்கிற தகப்பனின் கையில் கொடுப்பாள். முழங்கை மடிப்பில் தலை, பாதி இருத்தல், சூப்பி நிறையப் பால். குடித்து முடிய அவள் வாங்கிக்கொள்ளத் தறி திரும்ப ஓடும். கொஞ்ச நாளில் தெருவே இதற்குப் பழகிவிட்டது. ஆதம்பாவாவின் தறி நின்றால் அன்ஸாருக்குப் பால் நேரம் என்று மற்றத் தறிக்காரர்களும் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள்.

பின்னேரங்களில் நான் போய்த் துடைப்பேன். மூன்றாம் கிழமை இடது காது காய்ந்தது. வலதும் காய்ந்து வருகிறது என்று நான் மகிழ்ந்திருந்த ஒரு நாள் பஞ்சு திரும்பவும் நனைந்து வந்தது. எனக்குக் கண்மண் தெரியாத கோபம். இப்படி நெய்கிற கைக்கு ஒரு கொக்கி செய்யத் தெரியாதா? ஆதம்பாவா தானே ஒன்று செய்து மாட்டியிருக்கிறார் என்று முடிவுகட்டி, சுபைதா கேட்கும்படி அவரைப் பேசக் கூடாததெல்லாம் பேசினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அல்லாஹ் மேல் சத்தியமாக இல்லை காக்கா என்று மட்டும் சொன்னார். நான் நம்பவில்லை.

அடுத்த நாள் டொக்டர் அன்ஸாரின் காதைப் பார்க்குமுன் மூக்கைப் பார்த்தார். தடிமன். நான் இரண்டு நாளாக அந்த மூக்கைத் துடைத்துத் துடைத்தே காதைப் பார்த்திருக்கிறேன். "எல்லாத்துக்கும் கொக்கியில பழி போடாதேயுங்கோ," என்றார். அன்று பின்னேரம் ஆதம்பாவாவின் பள்ளத்து ஓரத்தில் குந்திக்கொண்டு மாப்புக் கேட்டேன். அவர், பரவாயில்லை காக்கா என்றார். வேலிக்கு அப்பால் இருந்து சுபைதா, பரவாயில்லை என்று நான் சொல்லவில்லையே என்றாள்.

தடிமன் போய், வலது காதும் காய்ந்தது. இனிக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கும் டொக்டர் முறை சொல்லித் தந்திருந்தார். பிள்ளை ஒருவரின் மடியில் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். நாம் பின்னால், கண்ணுக்கு எட்டாத பக்கம். நிழல் விழக் கூடாது, காற்று அடிக்கக் கூடாது. கோப்பை விளிம்பில் கரண்டியை மெதுவாக உரச வேண்டும். நான் முதல் நாள் உரசியபோது அன்ஸார் டக்கென்று திரும்பினான். நான் துள்ளிக் குதித்தேன். சுபைதா என் நிழலைக் காட்டினாள். பின்னேரச் சூரியனில் அது எனக்கு முன்னாலேயே போய்ப் பிள்ளையின் முகத்தில் விழுந்திருந்தது. அடுத்த நாள் நிழல் பார்த்து நின்றேன். திரும்பவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் சைக்கிளில் ஏறும்வரை ஆதம்பாவா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். றஹீமாவுக்கு எழுதுகிற கடிதத்தில் அன்ஸார் சுகம் என்று மட்டும் எழுதுவதாகச் சுபைதா சொன்னாள்.

ஒரு நாள் முற்றத்து மணலில் அன்ஸாரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வீட்டுக்கு முதுகு காட்டி இருந்தோம். உள்ளே தறி அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் கரண்டியை உரசி என்ன பயன் என்று சும்மா இருந்தேன். அவன் என் சட்டைக் கையின் பொத்தானைப் பிய்க்கும் வேலையில் மும்முரமாக இருந்தான். உள்ளே தறி நின்றது.

அன்ஸார் பொத்தானை விட்டான். தலையை வீட்டுப் பக்கம் திருப்பினான். வாயைத் திறந்தான்.

மெதுவாக ஆதம்பாவாவைக் கூப்பிட்டு, பால் வேண்டாம், கொஞ்சம் தறியை அடியுங்கள் என்றேன். அடித்தார். அன்ஸார் திரும்பப் பொத்தானுக்கு வந்தான். நிறுத்துங்கள் என்றேன். நின்றது. பிள்ளை திரும்பியது. அடியுங்கள், நிறுத்துங்கள், அடியுங்கள், நிறுத்துங்கள். பள்ளத்துக்குள் இருந்த ஆதம்பாவாவுக்கு நான் என்ன பார்க்கிறேன் என்று தெரியவில்லை. கேட்காமல் நான் சொன்னபடியே செய்தார். நாலாவது முறையும் பால் வராததால் அன்ஸார் முகத்தைச் சுளித்து, ஊரைக் கூட்டுகிற மாதிரி அழத் தொடங்கினான். சுபைதா போத்தலோடு ஓடிவந்தாள்.

"ரெண்டு ஆம்பிளையும் சேந்து புள்ளைய என்னத்துக்கு ஏமாத்துறீங்க? தறி நிண்டா பால் எண்டு அவனுக்குத் தெரியாதா?" என்றாள்.

அவனுக்குத் தெரியும். அதைத்தான் நாங்கள் அன்று கண்டுபிடித்தோம். நான் உருப்படியாகக் கண்டுபிடித்தது வாழ்க்கையில் அது ஒன்றுதான். டொக்டர் பிறகு தன் முறைப்படி பார்த்து, மெல்லிய சத்தம் இன்னும் போதாது, வளர வளரச் சரிவரும் என்றார். புத்தகத்தில் 'எப்படிக் குடிக்கிறது' என்ற கோட்டுக்குக் கீழே, தகப்பனின் கையில் இருந்து என்று என்னைக்கொண்டு எழுதுவித்தார்.

இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து றஹீமா வந்த நாளில் நானும் கல்முனை பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. காதுக்காரன் போகாமல் இருப்பது எப்படி? அன்ஸார் இப்போது நன்றாக ஓடித் திரிகிற வயது. பஸ் வந்து நின்ற நேரத்தில் அவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைக் கிழித்துத் தின்கிற ஓர் ஆட்டை ஆராய்ந்துகொண்டிருந்தான். றஹீமா பெட்டியை இழுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். பஸ் என்ஜின் இரைச்சல், கச்சான் கடலை விற்கிறவர்களின் கூச்சல், எல்லாவற்றுக்கும் நடுவில் பிள்ளையைக் கண்டுவிட்டாள். பெரிதாகக் கூப்பிடவில்லை.

"மகன்," என்றாள்.

அன்ஸார் திரும்பினான். அவளை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தான். பிறகு ஒரே ஓட்டமாக வந்து என் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முகத்தை ஒளித்தான்.

றஹீமா பெட்டியை விட்டுவிட்டு அந்த இடத்திலேயே இருந்து அழுதாள். சுபைதா அவளைக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்களும், ஐயோ பாவம், தாயைத் தெரியவில்லையே என்று கண்ணைத் துடைத்தார்கள். ஆதம்பாவா ஒருவர் மட்டும் நடு ரோட்டில் நின்று, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, திரும்பினான் காக்கா, ஒரே சத்தத்தில் திரும்பினான் என்று என் தோளைப் போட்டு உலுக்கினார். நடந்தது ஒன்றும் றஹீமாவுக்குத் தெரியாது. அழுகைக்கிடையில் புருசனை நிமிர்ந்து பார்த்தாள்.

"பெத்த உம்மாவக் கண்டு ஓடுறான். ஒங்களுக்குச் சிரிப்பு வருதா?"

"ஓடட்டும் புள்ள," என்றார் ஆதம்பாவா. "கேட்டுத்தானே ஓடுறான்."